‘போறேன்’ என்று ஒரு பாட்டு

கதிர்,

முந்தாநாள் போனை வைக்கும்போது நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. “நீயும் அவங்ககூட சேந்துகிட்டியா ம்மா? மாத்தித்தான் பாடணும்னா பாடவே வேணாம்” என்றாய், வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், உன் அப்பா நடுவில் வந்து “ரெண்டும் ஒரே வாயி” என்று சிரிப்பார். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். மத்தியான நேரம் நம் மெடிக்கலில் கூட்டம் இருக்காது. பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் நடுவில் எழுந்து கொடுத்துவிட்டு வருவேன், பொறுத்துக்கொள்.

விஷயம் பார்ப்பதற்குச் சின்னதுதான். அடுத்த வாரம் திருவந்திபுரத்தில் நீ யாழினிக்குத் தாலி கட்டப் போகிறாய். அன்று சாயங்காலம் கடலூரில் ரிசப்ஷன். அந்த மேடையில், நான் சிதம்பரத்தில் படித்தபோது எழுதிப் பாடிய ராக் பாட்டை, அன்று பாடியபடியே, ஓர் எழுத்து மாறாமல் நான் பாட வேண்டும் என்பது உன் ஆசை. எங்கள் கோஷ்டியில் கித்தார் வாசித்த பெனடிக்ட் மாமாவிடமும் பேசிவிட்டாய். அவன் உடனே கித்தாருக்குப் புதுக் கம்பி மாட்டிவிட்டான். குறுக்கே வந்தது உன் மாமனார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து போன் செய்து, பாவம், தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “பாட்டு வேணாம்னு சொல்லல சம்பந்தி. பொண்ணும் மாப்ளையும் மாலையும் கழுத்துமா நிக்கிறப்ப, போறேன் போறேன்னு கத்துனா நல்லாவா இருக்கும்? அந்த ஒரு வார்த்தைய மட்டும் வரேன்னு மாத்திக்கிடலாமே.” நான் “பாக்கலாம்” என்றேன். அந்தப் ‘பாக்கலாம்’தான் உனக்குத் துரோகமாகப் பட்டுவிட்டது.

ஆனால் நாம் சண்டை போட்டது அந்த வார்த்தைக்காக மட்டும் இல்லை என்று உனக்கும் தெரியும். கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இருவரும் மெல்போர்னுக்குப் போகிறீர்கள். அதே போனில் நான், “ரெண்டு மூணு வருஷத்துல வந்துடுவீங்கல்ல?” என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. பாட்டுப் பேச்சுக்குத் தாவினாய். பாட்டில் ‘போறேன்’ இருக்க வேண்டும் என்று நீ அவ்வளவு வேகமாகப் பேசியபோது, நான் பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பாட்டு உன் கையில் கிடைத்த காலை நினைவிருக்கிறதா? பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். சாப்பிட உட்கார்ந்து, போனில் ஒரு வீடியோ காட்டினாய். யாரோ ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு, நாதஸ்வரமும் தவிலும், ஊரே ஆடுகிறது. “செம்மயா இருக்குல்ல? இது ஒரு பழைய ராக் பாட்டாம்” என்றாய். பிறகு ஒரிஜினலைத் தேடிப் பிடித்துப் போட்டாய். கரகரவென்று ஒரு கேசட் பதிவு, அதில் ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். “ம்மா, இந்தக் கொரலு, நீ சிலிண்டர் போடுறவர்கிட்ட சண்ட போடுவியே, அப்பிடியே இருக்கு” என்றாய். உன் அப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே, “அவதான்டா அது” என்றார். நீ என்னையே பார்த்தாய். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று அப்புறம் பல தடவை கேட்டாய். மறைத்தேன் என்றில்லை. பாட்டு முடிந்தது, படிப்பு முடிந்தது, கல்யாணம், கடை, நீ. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பாட்டு பிறந்த கதையை மட்டும் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. உன் தாத்தா, என் அப்பா, காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரி. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் மில் ஓடுகிற மாதிரியேதான் பேசுவார். லீவுக்குப் போயிருந்தபோது, காலேஜில் பாட்டுக் கோஷ்டி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்றேன். கோஷ்டி பெயர் ‘முதலைகள்’ என்றும் சொல்லித் தொலைத்தேன். பெயரைக் கேட்டதிலேயே அவருக்குப் பாதி கோபம் வந்துவிட்டது. “கொள்ளிடத்துல இருக்குற முதல பத்தாதுன்னு நீ வேறயா?” என்றார். பேச்சு வளர்ந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கி, “போறேன்” என்றேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கூட ‘வரேன்’ என்றுதான் சொல்லிவிட்டு நடப்பார். எனக்கு அது தெரியாமல் இல்லை, தெரிந்துதான் சொன்னேன். “வரேன்னு சொல்லிட்டுப் போ” என்று பின்னாலிருந்து கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிதம்பரம் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் காலேஜ் வாசலில் வந்து நிற்கிறார். சட்டையில் தவிடு ஒட்டியிருக்கிறது, மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறார். வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். பெனடிக்டும் கூடவே ஓடி வந்தான். “என்னப்பா?” என்றேன். “ஒண்ணுமில்ல. நேத்து நீ சொல்லாம வந்துட்ட.” “என்ன சொல்லாம?” “வரேன்னு சொல்லல. இப்ப சொல்லு.” சுற்றிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள், எனக்கு மானமே போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு “வரேன்” என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான். பெனடிக்ட் டீ குடிக்கக் கூப்பிட்டதற்கு, “மில்லு ஓடுது தம்பி” என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போவதற்காக ஒரு மனிதர் பஸ் ஏறி வருவாரா என்று பெனடிக்ட் அன்று முழுக்கச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலுக்கட்டாயமாகப் பிடுங்கிக்கொண்டு போன வார்த்தை அது என்றுதான் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் எழுதினேன். “கதவ சாத்திக்க, வெளக்க அணச்சுக்க, கேக்காத, நா சொல்லமாட்டேன்… போறேன்!” பெனடிக்ட் கித்தாரில் ஒரே கோர்டை இழுத்து இழுத்து அடித்தான். அந்தப் ‘போறேன்’ என்ற இடத்தில் குரல் மேலே போய் அங்கேயே நிற்கும், கீழே இறங்கி முடியாது. பாட்டும் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். காலேஜ் விழாவில் பாடியபோது பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கூடவே கத்தினார்கள். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்வேன். பிறகு படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசை. பாட்டு பெனடிக்ட் வீட்டு அலமாரியில், கேசட்டில், பூசணம் பிடித்துக் கிடந்தது.

அவனுடைய அக்கா மகன் அதை எடுத்து நெட்டில் போட்டான். யாரும் சீண்டவில்லை. நீ இப்போது உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற நினைக்கிறாயே, அந்த ஒரிஜினலை அன்றைக்குக் கேட்டவர்கள் எங்கள் பழைய கூட்டம் மட்டும்தான். அதற்கு உயிர் கொடுத்தவர்கள் நீ ‘காப்பியடிச்சவங்க’ என்று திட்டுகிறவர்கள். முதலில் அந்த நாதஸ்வரக்காரர். சிதம்பரம் பக்கம்தான். நமக்கு மருந்து சப்ளை செய்கிறவர் வீட்டுக் கல்யாணத்தில் அவரை நேரிலேயே பார்த்தேன். பாட்டு முழுக்க என் பாட்டுதான், ஆனால் கடைசியில் அந்த நீண்ட சத்தத்தை அவர் அந்தரத்தில் விடவில்லை, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்து ‘ஸா’வில் உட்கார வைத்தார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் அப்படி என்று கேட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. “கல்யாண ஊடு ஆச்சேம்மா. மேல கொண்டுபோயி உட்டுட்டு வந்தா கேக்கறவங்களுக்கு வயித்தக் கலக்கும். கெளம்புன எடத்துக்கு வந்துடணும்ல” என்றார், ரசத்தைப் பிசைந்துகொண்டே. வார்த்தையே இல்லாத வாத்தியம் அது. அதிலும் அவர் ‘வரேன்’ சொல்லிவிட்டார்.

அடுத்தது நம் பெனடிக்டே. சர்ச் பாடகர் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்து, கிறிஸ்மஸுக்குப் பாட வைத்தான். என்னையும் கூப்பிட்டான், போனேன். பெரியவர்களும் பிள்ளைகளுமாக நாலு குரலில், “உம்மிடம் வாறேன்” என்று பாடுகிறார்கள். வெளியே வந்ததும், “டேய், எம் பாட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியாடா?” என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம், “நீ போறேன்னு மட்டும்தான சொன்ன? எங்க போறன்னு சொல்லவே இல்லியே. எங்களுக்கு எடம் தெரியும், அதான் மாத்திட்டோம்” என்றான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நிஜம். எங்கே போகிறேன் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.

மூன்றாவதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்துப் பக்கத்து ஆள் ஒருவர் மெடிக்கலுக்கு வந்தார். பிளாஸ்திரியும் பஞ்சும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர் போனில் என் பாட்டு ஓடுகிறது. கானா. டோலக்கும் கைத்தட்டலும்தான், வேறு ஒன்றும் இல்லை. அதில் ‘போறேன்’ அப்படியே இருந்தது, ஒருத்தரும் தொடவில்லை. “இது என்ன பாட்டு தம்பி?” என்றேன். “எங்க மாமா தவறிட்டாருக்கா. அதுக்குப் பாடுனது” என்றார். “யார் எழுதுனது?” என்று கேட்டேன், வாய் சும்மா இருக்காதே. “இது எங்க தொறைமுகத்துப் பாட்டுக்கா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குது” என்றார். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். உனக்கு அங்கே ரத்தம் கொதித்திருக்கும். எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அதற்குள் பாட்டு அந்த உச்சத்துக்கு வந்துவிட்டது. செத்தவர் சொல்வது மாதிரி ஒருவர் தனியாக “போறேன்” என்று இழுத்தார். அது முடிந்து ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அங்கே கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும், ஆணும் பெண்ணுமாக, “போயிட்டு வா” என்றார்கள். என் பாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆள் பயந்துபோய், “இன்னாக்கா, சுகரா?” என்றார்.

சுகர் இல்லை. உன் தாத்தாதான். அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாளில் நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். காரில் ஏற்றி உட்கார வைத்துவிட்டோம். என் தம்பி, உன் மாமா, கூடப் போகிறான், நான் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, “போறேன்மா” என்றார். குரல் மில் ஓடுகிற குரலாக இல்லை. “என்னப்பா இது, வரேன்னு சொல்லுங்க” என்றேன். அவர் சிரித்தார். “அன்னைக்கு ஒன்ன ஏன் சொல்லச் சொன்னேன்? நீ வருவேன்னு எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். அதான் சொல்லச் சொன்னேன். இப்ப எனக்குத் தெரியலியே. தெரியாதத எப்பிடிச் சொல்றது?” என்றார். கார் கிளம்பிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை, அப்படியே போய்விட்டார். அத்தனை வருஷமும் நான் அவரைச் சகுனம் பார்க்கிற மனிதர் என்று நினைத்திருந்தேன். ‘வரேன்’ என்பதை அவர் சத்தியம் மாதிரி வைத்திருந்தார். வருகிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும். வருவது நிச்சயமில்லாதவரிடம் கேட்டுப் பிடுங்கக் கூடாது.

அன்று அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அது என்னவென்று எனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது. அதை முகம் தெரியாத ஜனங்கள் துறைமுகத்தில் நின்று, டோலக் தட்டி, என் பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கிளம்புகிறவருக்கு மட்டும்தான் வார்த்தை இருக்கிறது என்று நான் இருபது வயதில் நினைத்தேன். நின்றுகொண்டிருப்பவருக்கும் ஒரு வரி உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் அப்பா காலேஜ் வாசலில் வந்து நின்றாரே, அன்றைக்கும் அவரைப் பாட்டில் நான் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேனே தவிர, அவருக்குப் பேச ஓர் இடம் விடவில்லை. ஆளுக்கு ஆள் என் பாட்டைத் திருத்தினார்கள் என்று உனக்கு வருத்தம். எனக்கு இப்போது வருத்தம் இல்லை கதிர். அந்த வார்த்தை தனியாக நிற்பதை யாராலும் தாங்க முடியவில்லை, ஆளுக்கொரு துணையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். கேசட்டில் பத்திரமாக இருந்திருந்தால் அது இப்படி வளர்ந்திருக்காது.

அதனால் ரிசப்ஷனுக்கு நான் முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். வார்த்தையை மாற்றப் போவதில்லை. இன்று காலை உன் மாமனாருக்கும் போன் செய்துவிட்டேன். “போறேன் இருக்கும் சம்பந்தி. ஆனா அத அம்போன்னு உட மாட்டோம், பதில் சொல்லிடுவோம்” என்றேன். “பதில் உண்டுன்னா சரி சம்பந்தி. பதில் இல்லாமதான் எனக்குக் கஷ்டமா இருந்துது” என்றார். நல்ல மனிதர், அவரிடம் முறைத்துக்கொண்டு திரியாதே. நீ விரும்பியபடி நான் முழுப் பாட்டையும் பாடப் போவதும் இல்லை. நான் இப்போது கிளம்புகிறவள் கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கி, ராத்திரி இறக்கி, இதே திருப்பாதிரிப்புலியூரில் இருக்கப் போகிறவள். ‘போறேன்’ என்று நான் கத்தினால் அது பொய். கிளம்புகிறவன் நீ, நீதான் பாட வேண்டும். உனக்கு வரிகள் தலைகீழாகத் தெரியும், என்னைவிட நன்றாகவே கத்துவாய். ஒரிஜினலை மாற்றுகிறேன் என்று உனக்குத் தோன்றினால், இதையும் ஒரு கவர், இன்னொருவர் வாயில் அதே பாட்டு, என்று வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. யாழினியோடு சண்டை போட்டுக்கொண்டு நீ வெளியே இறங்கி நடக்கிற நாள் நிச்சயம் வரும். என் வயிற்றில் பிறந்தவன், வராமல் இருக்காது. அப்போது எவ்வளவு கோபம் இருந்தாலும் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போ. சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவாய் என்று உனக்கே தெரியும், தெரிந்ததைச் சொல்வதற்கு என்ன. ஏர்போர்ட்டில் என்னிடம் மட்டும் அப்படிச் சொல்லாதே. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, எல்லாரும் சொல்கிறார்களே என்பதற்காகச் சொல்லாதே. அன்றைக்கு நான் கேட்டபோது நீ சும்மா இருந்தாயே, எனக்கு வலித்தது, ஆனால் நீ பொய் சொல்லவில்லை. வருவேனா என்று உனக்குத் தெரியவில்லை என்றால் ‘போறேன்’ என்றே சொல். எனக்கு அழுகை வரும், வரட்டும். என்றைக்காவது அங்கே உட்கார்ந்து, டிக்கெட் போட்டுவிட்டு, போன் செய்து “ம்மா, வரேன்” என்று சொல். அந்த வார்த்தையை வாங்க நான் பஸ் ஏறி வர முடியாது, அதுவாகத்தான் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெனடிக்ட் கித்தாரோடு வீட்டுக்கு வருகிறான், ஒத்திகை பார்க்க. அந்த நாதஸ்வரக்காரரின் தவில்காரரையும் கூப்பிட்டிருக்கிறான். நீயும் லீவைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்துவிடு. தொண்டைக்கு மிளகு போட்டுப் பால் காய்ச்சி வைக்கிறேன். கடைசி ‘போறேன்’ வரும்போது குரலை எவ்வளவு மேலே கொண்டுபோக முடியுமோ கொண்டுபோ, பயப்படாதே, கீழே இறக்கவும் வேண்டாம், அந்தரத்திலேயே விட்டுவிடு. கித்தார் நிற்கும், தவிலும் நிற்கும். ஒரு மூச்சு நேரம் மண்டபமே சும்மா இருக்கும். உன் மாமனார் என்னைத்தான் பார்ப்பார். அந்த இடத்தில் நீ வாயைத் திறக்காதே. அது என் வரி.

அம்மா